முடி தின்னும் மண்

பாப்பிரெட்டிப்பட்டி,
4 ஜூன் 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்கு ராஜமேரி எழுதுவது. இங்கே நானும் உங்கள் மாப்பிள்ளையும் ராணியும் சுகம். ராணிப்பேட்டையில் நீங்களும் அண்ணியும் சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலையில் உங்களுக்கும் ஒரு மணி உருட்டுகிறேன். கோபம் வேறு, செபம் வேறு.

இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று நினைப்பீர்கள். போனில் நான் ஒன்று சொல்வதற்குள் நீங்கள் நாலு சொல்வீர்கள், நான் வைத்துவிடுவேன். அதனால்தான் இரண்டு வருஷமாக உங்கள் போனை எடுக்கவே இல்லை. கடிதத்தில் நீங்கள் குறுக்கே பேச முடியாது. கடைசி வரி வரைக்கும் படித்தே ஆகவேண்டும்.

சித்தப்பா மகன் கல்யாணப் பந்தியில் நடந்ததை நான் மறக்கவில்லை. யாரோ ஒருத்தர் "உங்க தங்கச்சி பொண்ணு என்னங்க படிக்குது?" என்று கேட்டார். நீங்கள் இலையிலிருந்து தலையைத் தூக்காமல், "கோழி முடியப் படிக்குதுங்க. வூட்டுல உரிக்கறது பத்தலன்னு காலேஜுக்குப் போயி அதையே நோண்டிக்கிட்டு இருக்குது" என்றீர்கள். பந்தியே சிரித்தது. ராணி ரச வாளியோடு அதே வரிசையில்தான் நின்றுகொண்டிருந்தாள். அவள் அழவில்லை. நான் அழுதேன்.

இப்போது கேளுங்கள். கறிக்கடையில் சேர்கிற முடியை ஏரிக்கரையில் கொட்டினால் ஊர் சண்டைக்கு வருகிறது என்று, உங்கள் மாப்பிள்ளை கடைக்குப் பின்னால் நம் நிலத்திலேயே குழி வெட்டிப் போட்டு வந்தாரே, தெரியும் அல்லவா. கோழி முடி சாமானியமாக மக்காது. ஆனால் கடை கழுவுகிற தண்ணீர் போய்ச் சேருகிற கிழக்கு மூலையில் மட்டும் ஆறு மாதத்து முடி இருந்த இடம் தெரியவில்லை. நாங்கள் பத்து வருஷமாக அந்தப் பக்கம் நடக்கிறோம், எங்கள் கண்ணில் படவில்லை. ராணி கண்ணில் பட்டது. ஊறுகாய் பாட்டிலில் அந்த மண்ணை அள்ளிக்கொண்டு தருமபுரியில் அவள் கல்லூரிக்குப் போனாள்.

அந்த மண்ணில் ஒரு பாக்டீரியா இருக்கிறதாம். கண்ணாடிக் குடுவையில் தண்ணீரும் உப்பும் விட்டு, ஒரே ஒரு வெள்ளை முடியைப் போட்டு, இதை விட்டாளாம். நாலாம் நாள் முடி இல்லை. தண்டுகூட இல்லை. முடியைக் கரைக்க அது ஒரு நொதியைச் சுரக்கிறது. அந்த நொதியைப் பிரித்து எடுத்தால் சோப்புத் தூளுக்கு ஆகும், தீவனத்துக்கு ஆகும், இன்னும் எதற்கெல்லாமோ ஆகும் என்கிறாள். அவளுடைய பேராசிரியர் கலைமணி மேடம் என்னைக் கடைக்கே தேடி வந்து கையைப் பிடித்துக்கொண்டார். என் கையில் கோழி ரத்தம் இருந்தது, அவர் கண்டுகொள்ளவில்லை.

ஜனவரியில் இந்த ஆராய்ச்சிக்குப் பணம் கொடுக்கிற குழு வந்து பார்க்கப் போகிறது. அவர்கள் சரி என்றால் இன்னும் இரண்டு வருஷத்துக்கு வேலை நடக்கும், பாக்டீரியாவை வளர்க்கப் பெரிய கலன் கிடைக்கும். இல்லை என்றால் இத்தோடு சரி. இதை உங்களிடம் பெருமைக்காகத்தான் எழுதுகிறேன், ஒளிப்பானேன். அண்ணிக்கு என் அன்பு.

தங்கை ராஜமேரி

---

ராணிப்பேட்டை,
25 ஜூன் 2023

அன்புத் தங்கை ராஜமேரிக்கு அண்ணன் ஞானராஜ். கர்த்தர் கிருபையில் இங்கே ஒரு குறையும் இல்லை. மாப்பிள்ளை ஜேக்கப்புக்கு முதுகு வலி எப்படி இருக்கிறது?

கையெழுத்தைப் பார்த்து யாரோ என்று நினைக்காதே. என் கண்ணாடி உடைந்துவிட்டது. நான் சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிறாள்.

கடைசி வரி வரைக்கும் இரண்டு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டேன். பந்தியில் நான் சொன்னது சிரிப்புக்குச் சொன்னது. பிள்ளை அங்கே நின்றது எனக்குத் தெரியாது. இதற்கு இரண்டு வருஷக் கோபம் அதிகம்.

ஒரு விஷயம் கேட்கிறேன். இந்தத் தோல் கம்பெனியில் முப்பத்தோரு வருஷமாக என் வேலை என்ன? ஆட்டுத்தோலில் இருந்து முடி எடுக்கிறது. சுண்ணாம்பும் சல்பைடும் கலந்த தொட்டியில் ஊறப்போட்டு, அப்புறம் வழிக்கிறோம். அந்தத் தண்ணீர் பட்ட இடத்தில் புல் முளைக்காது. உன் மகளுடைய பாக்டீரியா கோழி முடியைத் தின்கிறது என்றால் ஆட்டு முடியை மட்டும் விட்டுவைக்குமா? இரண்டும் முடிதானே. ராணியைக் கேட்டு எழுது. அவசரம் இல்லை, சும்மாதான் கேட்கிறேன்.

அந்தக் கிழக்கு மூலை மண்ணில் ஒரு சட்டி அனுப்பு. இங்கே ஒரு ரோஜாச் செடி வாடிக் கிடக்கிறது, அதற்குப் போடலாம்.

அண்ணன் ஞானராஜ்

---

பாப்பிரெட்டிப்பட்டி,
16 ஜூலை 2023

அன்புள்ள அண்ணனுக்கு, நாங்கள் சுகம். மாப்பிள்ளையின் முதுகு வலி அவர் வேலை செய்கிற நாளில் மட்டும் வருகிறது.

நீங்கள் கேட்டதை ராணியிடம் படித்துக் காட்டினேன். கடிதத்தைக் கையில் வாங்கி அவளும் ஒரு தடவை படித்தாள். அப்புறம், "எம்மா, புத்தகத்துல அது இறகு, இது ரோமம்னு தனித்தனியாப் போட்டிருக்கும்மா. நம்மூர்ல ரெண்டுக்கும் முடின்னு ஒரே பேரு வச்சது தப்பே இல்ல. ரெண்டும் ஒரே சாதிப் புரதந்தான். மாமா கேட்டது சரியான கேள்வி" என்றாள். தோலைத் தொடாமல் முடியின் வேரை மட்டும் நொதி இளக்கிவிட்டால் சுண்ணாம்பே வேண்டாமாம். வெளிநாட்டில் செய்து பார்த்திருக்கிறார்களாம். தன்னுடையது அதைச் செய்யுமா என்று இனிமேல்தான் பார்க்க வேண்டும் என்கிறாள். மேடமிடம் சொல்லி அதையே ஜனவரிக் குழுவுக்குக் காட்டுவதாக முடிவு செய்துவிட்டார்கள். பார்த்தீர்களா, நீங்கள் கேலி செய்த படிப்புக்கு நீங்களே பாடம் எடுத்துக் கொடுத்துவிட்டீர்கள்.

லாரி ஓட்டுகிற மாதப்பன் மாம்பழ லோடு ஏற்றிக்கொண்டு அந்தப் பக்கம் வருகிறான். அவனிடம் ஒரு தூக்குச் சட்டி நிறைய மண் கொடுத்துவிட்டிருக்கிறேன். நாற்றம் அடிக்கிறது என்று வழியெல்லாம் என்னைத் திட்டிக்கொண்டு வருவான்.

கண்ணாடி மாற்றிவிட்டீர்களா? அண்ணி கையெழுத்து நன்றாகத்தான் இருக்கிறது, ஆனாலும் உங்கள் கையெழுத்து ஆகுமா. கோவிலில் ஞானஸ்நானப் பதிவேட்டில் பெயர் எழுத சாமியார் உங்களைத்தானே கூப்பிடுவார். ராணியின் பெயரும் அதில் உங்கள் கையெழுத்தில்தான் இருக்கிறது. அச்சுக் கோத்த மாதிரி.

தங்கை ராஜமேரி

---

ராணிப்பேட்டை,
20 ஆகஸ்ட் 2023

அன்புத் தங்கைக்கு, சுகம். மழை இல்லை. மண் வந்தது. மாதப்பன் திட்டியது என்னைத்தான்.

கண்ணாடி மாற்றியாகிவிட்டது. இப்போது கட்டை விரல் கதவில் நசுங்கிவிட்டது, அதனால் அண்ணிதான் எழுதுகிறாள். பெரிதாக ஒன்றும் இல்லை.

ஜனவரிக் குழுவில் தோல் தெரிந்தவர் யாராவது இருப்பாரா என்று கேட்டு எழுது. முடி உருவி வந்ததும் தோலின் மேற்பரப்பை விரல் நுனியால் தடவிப் பார்ப்பார்கள். பள்ளம் இருந்தால் தோல் கெட்டது என்று அர்த்தம். ராணி அதை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளட்டும். நான் சொன்னதாகச் சொல்ல வேண்டாம்.

ரோஜாச் செடி நன்றாக இருக்கிறது.

அண்ணன் ஞானராஜ்

ராஜமேரி, இது நானாக எழுதுவது. இந்த வீட்டில் ரோஜாச் செடி எதுவும் கிடையாது. இதற்குமேல் எழுத எனக்கு அனுமதி இல்லை. - பிலோமினா

---

பாப்பிரெட்டிப்பட்டி,
1 அக்டோபர் 2023

சேசு மரி சூசை துணை.

அன்புள்ள அண்ணனுக்கும் அண்ணிக்கும், நாங்கள் சுகம், நீங்கள் சுகமா? கட்டை விரல் ஆறியதா? செடி இல்லாத வீட்டில் மண்ணை என்ன செய்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. பிடிக்கவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிட்டேன் என்றே எழுதியிருக்கலாம்.

அதை விடுங்கள். பெரிய சேதி. வருகிற வெள்ளிக்கிழமை கலைமணி மேடம் கல்லூரியிலிருந்து இன்னும் மூன்று பேரைக் கூட்டிக்கொண்டு நம் குழியைப் பார்க்க வருகிறார். ராணி போனில், "எம்மா, மேடம் கொஞ்சம் மண்ணு எடுக்கணுங்கறாங்க, வந்துட்டுப் போவாங்க" என்று ஒரு வரியோடு முடித்துக்கொண்டாள். பெருமையைக் காட்டிக்கொள்ள மாட்டாள், மாமன் குணம்.

படித்தவர்கள் நாலு பேர் வரும்போது அந்த நாற்றத்திலா நிற்க வைப்பது? நானும் கடையில் கூட வேலை செய்கிற குள்ளம்மாளும் மூன்று நாள் வேலை செய்தோம். உங்கள் மாப்பிள்ளை ஜேசிபி வைத்துப் பழைய முடியையெல்லாம் வாரி அப்புறப்படுத்தினார். ஆறு மூட்டை சுண்ணாம்பும் ஒரு டிரம் பிளீச்சிங் பவுடரும் அடி வரைக்கும் போட்டோம். கிழக்கு மூலைக்கு மட்டும் தனியாக ஒரு மூட்டை, அவர்கள் முக்கியமாகப் பார்க்கப் போவது அதைத்தானே. சுற்றிலும் செம்மண் பரப்பி ஓரத்தில் செங்கல் அடுக்கிவிட்டேன். இப்போது பார்த்தால் கோவிலில் மாதா கெபிக்கு முன்னால் இருக்கிற இடம் மாதிரி அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. ஒரு ஈ இல்லை.

ராணி வந்து பார்த்து அசந்துபோகட்டும் என்று அவளிடம் சொல்லவில்லை.

தங்கை ராஜமேரி

---

ராணிப்பேட்டை,
8 அக்டோபர் 2023

ராஜமேரிக்கு, எல்லோரும் சுகம் என்று நம்புகிறேன்.

உன் கடிதம் நேற்றுத்தான் வந்தது. வந்த உடனே போன் செய்தேன், நீ எடுக்கவில்லை. மாப்பிள்ளை போன் அணைத்து வைத்திருக்கிறது. ராணிக்கு நேராகப் போன் செய்ய எனக்கு முகம் இல்லை.

சுண்ணாம்பு போட்டாயா? ராணியைக் கேட்டுவிட்டா போட்டாய்? சுண்ணாம்பு எதையும் விட்டுவைக்காது மேரி. அதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வெள்ளிக்கிழமை என்ன நடந்தது என்று உடனே எழுது.

ஞானராஜ்

---

ராணிப்பேட்டை,
12 நவம்பர் 2023

ராஜமேரிக்கு, ஐந்து வாரமாக உன்னிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உடம்பு சுகம்தானே? திட்டினேன் என்று கோபமா? நான் திட்டவில்லை, அண்ணி எழுதியது அப்படி இருக்கிறதாம்.

இரண்டு வரி போதும்.

ஞானராஜ்

---

பாப்பிரெட்டிப்பட்டி,
26 நவம்பர் 2023

அன்புள்ள அண்ணனுக்கு, உடம்பு சுகம். மனசுதான் இல்லை. இரண்டு தடவை எழுத உட்கார்ந்து கிழித்துப் போட்டேன்.

அந்த வெள்ளிக்கிழமை மேடமும் மற்றவர்களும் வந்தார்கள். நான் புதுச் சேலை கட்டி, பிஸ்கட்டும் காபியும் வைத்திருந்தேன். மேடம் குழியைப் பார்த்தார், செங்கல்லைப் பார்த்தார், ராணியைப் பார்த்தார். அப்புறம் மேடம், "காபி நல்லா இருக்குங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அவர்கள் எதற்கு வந்தார்கள் என்று அன்றைக்கு மாலைதான் ராணி சொன்னாள். ஆய்வுக்கூடத்தில் வளர்த்த பாக்டீரியா செத்துப்போகவில்லை, ஆனால் முடியைத் தின்பதை விட்டுவிட்டது. தட்டில் மாமிசச் சாறும் சத்தும் போட்டு மாதக்கணக்கில் வளர்த்ததில் அதற்கு முடி வேண்டாமல் போய்விட்டது. சொகுசு கண்டுவிட்டது என்கிறாள். அதனால்தான் பிறந்த இடத்துக்கே வந்து புதிதாக மண் எடுத்துப்போக வந்திருக்கிறார்கள். அந்த இடத்தில் ஈ இல்லை, எறும்பு இல்லை, எதுவுமே இல்லை. நான்தான் அடி வரைக்கும் கொட்டியிருந்தேனே.

அரூர், கடத்தூர், பென்னாகரம் வரைக்கும் போய்க் கறிக்கடைக் குப்பையெல்லாம் கிளறி மண் எடுத்தாள். எதுவும் பழையதுபோல இல்லை, ஒரு முடியைக் கரைக்கப் பதினைந்து நாள் எடுத்துக்கொள்கிறது. குழு ஜனவரி பத்தொன்பதாம் தேதி வருகிறது.

அவள் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை அண்ணா. "உங்களுக்குச் சொல்லாதது என் தப்பும்மா" என்கிறாள். திட்டியிருந்தால் தாங்கிக்கொள்வேன். ஊரெல்லாம் என் மகள், என் மகள் என்று பீற்றிக்கொண்ட வாயால் இதை யாரிடமும் சொல்ல முடியவில்லை. உங்களிடம்தான் சொல்கிறேன். நீங்கள் பந்தியில் சொன்ன வார்த்தையால் அவள் படிப்பு கெடவில்லை. என் கையால் கெட்டது.

ஜூலையில் அனுப்பிய மண்ணைத் தூக்கிப் போட்டிருப்பீர்கள். எந்த இடத்தில் போட்டீர்கள் என்றாவது ஞாபகம் இருந்தால் எழுதுங்கள்.

ராஜமேரி

---

ராணிப்பேட்டை,
4 டிசம்பர் 2023

அன்புள்ள ராஜமேரிக்கு பிலோமினா எழுதுவது. இந்தத் தடவை அவர் சொல்லி நான் எழுதவில்லை. நானாகவே எழுதி, உறையை ஒட்டி, அவர் சட்டைப் பையிலேயே வைத்து அனுப்புகிறேன். உள்ளே என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. மரியாதையான மனுஷர், பிரிக்க மாட்டார்.

இதை நீ படிக்கும்போது உன் அண்ணன் உன் எதிரில் நிற்பார். கையில் ஒரு பானை இருக்கும். பஸ்ஸில் கண்டக்டர் இறக்கிவிடாமல் இருந்தால்.

மண்ணை அவர் தூக்கிப் போடவில்லை. வந்த அன்றைக்கே கொல்லைப்புறத்தில் மூடி போட்ட ஒரு மண்பானையில் கரைத்து வைத்தார். கம்பெனியிலிருந்து ஒரு துண்டு ஆட்டுத்தோல் கேட்டு வாங்கி வந்து அதில் போட்டார். முடி வந்தது, கூடவே தோலும் கூழாகிப்போனது. மண்ணில் எத்தனையோ கிருமி இருக்கும், எது எதைத் தின்றதோ. அன்றைக்கு முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். உன்னிடம் சொன்னால் சிரிப்பாய் என்று ரோஜாச் செடிக் கதையையே நீட்டினார். ஆனால் பானையைக் கொட்டவில்லை. "ராணியோடது, பட்டினி போடக்கூடாது" என்று ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் தெருமுனைக் கறிக்கடையில் ஒரு பை முடி வாங்கி வந்து போடுவார். தண்ணீர் ஊற்றிக் கிளறுவார். அந்தத் தோலுக்குப் பிறகு முடியைத் தவிர வேறு எதுவும் போட்டதில்லை, என்னை ஒரு சோற்றுப் பருக்கை போடவிட்டதில்லை. முதலில் ஒரு பை கரைய ஒரு மாதம் ஆனது. இப்போது புதன்கிழமையே பானை காலி. வீட்டுக்காரர் இரண்டு தடவை காலி செய்யச் சொல்லிவிட்டார். பானையை அல்ல, எங்களை.

உன் கடிதத்தைப் படித்ததும் சாப்பிட்ட தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்.

இன்னொன்று. கண்ணாடி உடையவில்லை. விரல் நசுங்கவில்லை. நீ காபி கொடுப்பதற்கு முன்னால் அவர் கையைப் பார். சுண்ணாம்பும் சல்பைடும் பட்டுப் பட்டு இரண்டு உள்ளங்கையும் வெடித்துப் பிளந்திருக்கிறது, நாலு விரலில் நகம் இல்லை. ஒன்றரை வருஷமாகப் பேனா பிடிக்க முடியவில்லை. டாக்டர் தொட்டியை விட்டு விலகச் சொல்கிறார், இவர் கேட்பதில்லை. உனக்குத் தெரிந்தால் அழுவாய் என்று சொல்லக்கூடாதென்று சத்தியம் வாங்கினார். எழுதக்கூடாது என்று வாங்கவில்லை.

கொஞ்ச நாள் அங்கேயே வைத்துக்கொள். தருமபுரி ஆஸ்பத்திரியில் காட்டு.

உன் அண்ணி பிலோமினா

---

தருமபுரி,
28 ஜனவரி 2024

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், சகாயராணி. மாமா, ஊருக்குத் திரும்பிய பிறகு களிம்பு மூன்று வேளையும் போடுகிறீர்களா? அத்தை, போடாவிட்டால் எனக்கு எழுதுங்கள்.

அம்மாதான் எழுதுவதாக இருந்தார், நான் விடவில்லை. அவர் எழுதினால் நான் நிலாவுக்குப் போய் வந்த மாதிரி இருக்கும். நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

உங்கள் பானையில் பதினோரு விதமான பாக்டீரியா இருந்தது. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பால் கலந்த தட்டில் வளர்த்தேன். நொதி சுரக்கிறது என்றால் தன்னைச் சுற்றிப் பாலைக் கரைத்துத் தெளிவாக ஒரு வளையம் போடும். ஏழாவது போட்ட வளையத்தைப் பார்த்துவிட்டு மேடம் அளவுகோலை இரண்டு தடவை வைத்து அளந்தார். குடுவையில் முடியைப் போட்டால் மூன்றே நாள். பழையதைவிட ஒரு நாள் குறைவு.

அதன் நொதியை மட்டும் வடித்து எடுத்து ஆட்டுத்தோலில் தடவினோம். பத்தொன்பதாம் தேதி குழுவில் நாலு பேர் வந்தார்கள். சுண்ணாம்பும் இல்லை, சல்பைடும் இல்லை. தோலை மேசைமேல் விரித்து நான் கட்டை விரலால் தள்ளினேன். முடி வேரோடு கம்பளம்போல் நகர்ந்து வந்தது. குழுவில் தோல் துறைக்காரர் ஒருவர் இருந்தார். கையுறையைக் கழற்றிவிட்டு, நீங்கள் சொன்ன மாதிரியே விரல் நுனியால் மேற்பரப்பைத் தடவினார். பள்ளம் இல்லை. எனக்கு முன்னாலேயே தெரியும், நான் பத்துத் தோலில் தடவிப் பார்த்துவிட்டுத்தான் நின்றேன்.

அவர், "இத எங்கிருந்தும்மா எடுத்தீங்க?" என்று கேட்டார். "எங்க மாமா வூட்டுப் பானையிலிருந்துங்க" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். இந்தத் தடவை நானும் சேர்ந்து சிரித்தேன். மேடம் எழுந்து சொன்னார்: "சிரிக்காதீங்க. இத நாலு மாசத்துக்கு மேல முடியத் தவிர எதுவும் குடுக்காம வளத்திருக்காரு. நாங்க செய்ய மறந்தது அதுதான்."

இரண்டு வருஷத்துக்கு வேலை தொடரும் என்று சொல்லிவிட்டார்கள். அந்தத் தோல் துறைக்காரர் உங்கள் கம்பெனி முதலாளியிடம் பேசி, தோலைச் சுழற்றுகிற ஒரு சின்ன உருளையில் சோதனை ஓட்டம் வைக்கக் கேட்டிருக்கிறார். பெரிய அளவில் சரியாக வருமா என்று எனக்கு இன்னும் தெரியாது. இதற்கே நிறைய வேலை இருக்கிறது.

மாமா, கடைசியாக ஒன்று. புதிதாகக் கண்டெடுத்த பாக்டீரியாவை ஒரு பதிவேட்டில் ஏற்ற வேண்டும். பெயர், தேதி, யாரிடமிருந்து வந்தது. நான் பிறந்தபோது கோவில் பதிவேட்டில் என் பெயரை நீங்கள் எழுதினீர்கள் என்று அம்மா சொல்லிச் சொல்லிக் கேட்டிருக்கிறேன். எங்கள் பதிவேட்டில் உங்கள் பெயரை நான் எழுதியிருக்கிறேன். அதன் பெயர் ஞா.ரா. 7. என் கையெழுத்து உங்கள் அளவுக்கு இல்லை. நிறுத்தி நிதானமாக எழுதினேன்.

உங்கள் சகாயராணி

---

ராணிப்பேட்டை,
21 ஏப்ரல் 2024

அன்புத் தங்கை ராஜமேரிக்கு அண்ணன் எழுதுவது. ஈஸ்டர் பாஸ்கா வாழ்த்து. தாமதம்தான், வாங்கிக்கொள்.

எழுத்து கோணல்மாணலாக இருக்கிறதே என்று பார்க்காதே. இது என் கை. பக்கத்தில் அண்ணி உட்கார்ந்திருக்கிறாள், பேனாவைக் கொடு என்கிறாள், கொடுக்கவில்லை. மூன்று விரலில் நகம் வந்துவிட்டது. ஒரு வரி எழுதி ஒரு வாய் தண்ணீர் குடிக்கிறேன்.

டிசம்பரில் தொட்டி வேலையை விட்டதோடு சரி, திரும்ப இறங்கவில்லை. சோதனை உருளைக்கு என்னைப் போட்டிருக்கிறார்கள். ராணி வந்திருந்தபோது முதல் ஓட்டம் பாழாய்ப்போனது, சூடு அதிகமாகிவிட்டது. இரண்டாவதில் பாதித் தோல்தான் தேறியது. மூன்றாவது ஓட்டத்தில் இருபது தோலும் வந்தது. நானே கையைவிட்டு ஒரு தோலை எடுத்தேன். முப்பத்தோரு வருஷத்தில் அந்த மாதிரித் தண்ணீரில் கை எரியாமல் இருந்தது அன்றைக்குத்தான். பக்கத்தில் இன்னும் நாற்பது தொட்டியில் சுண்ணாம்புதான் ஓடுகிறது. எல்லாம் மாற நாள் ஆகும். எனக்குப் பிறகு வருகிறவர்களுக்காவது ஆகட்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே ஒரு கல்யாணம். பந்தியில் கோழி பிரியாணி. எதிரில் இருந்தவர் என்னை ஒன்றும் கேட்கவில்லை. நானாகவேதான், "எந்தங்கச்சி பொண்ணு என்ன படிச்சிருக்குது தெரியுங்களா?" என்று ஆரம்பித்தேன். அவர் தெரியாதுங்க என்றார். "கோழி முடியப் படிச்சிருக்குதுங்க" என்றேன். இரண்டு பேர் சிரித்தார்கள். நான் கையைத் தூக்கிக் காட்டினேன். முழுக் கதையும் சொல்லி முடிக்கும்வரை ஒருத்தரையும் எழுந்திருக்க விடவில்லை, அடுத்த பந்திக்காரர்கள் பின்னால் நின்றுகொண்டிருந்தார்கள். பிள்ளை ரச வாளியோடு அங்கே நிற்கவில்லையே என்றுதான் எனக்குக் குறை. அன்றைக்கு நான் சொன்னது தப்பு மேரி. சிரிப்புக்குச் சொன்னாலும் தப்புத்தான். அவளிடமும் சொல்லிவிடு. இல்லை, நானே சொல்கிறேன்.

கை வலிக்கிறது, நிறுத்துகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் செய்வேன். எடு.

அண்ணன் ஞானராஜ்

---

பாப்பிரெட்டிப்பட்டி,
28 ஏப்ரல் 2024

அன்புள்ள அண்ணனுக்கு, எல்லோரும் சுகம். மாப்பிள்ளை புதுக்குழி வெட்டியிருக்கிறார். நான் அந்தப் பக்கம் துடைப்பத்தோடு போகக்கூடாது என்று வீட்டில் உத்தரவு.

உங்கள் கடிதத்தைச் சாமியாரிடம் கொண்டுபோய்க் காட்டினேன். இவர் புதுச் சாமியார், உங்களைத் தெரியாது. பழைய பதிவேட்டை எடுக்கச் சொல்லி, ராணி பெயர் இருக்கிற பக்கத்தைத் திறந்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தோம். "ரெண்டும் ஒருத்தர் எழுதினதாம்மா?" என்று கேட்டார். ஆமாங்க சாமி, ஒரே கைதான் என்றேன். ராணியும் கூட இருந்தாள். உங்கள் கடிதத்தைக் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டாள், திருப்பித் தரமாட்டேன் என்கிறாள். அதனால் எனக்கு வேறு வேண்டும்.

காலையில் நீங்கள் போன் செய்தீர்கள். பார்த்துக்கொண்டேதான் இருந்தேன், எடுக்கவில்லை. கோபம் இல்லை. போனில் பேசினால் நீங்கள் எழுதமாட்டீர்கள். எழுதுங்கள் அண்ணா.

தங்கை ராஜமேரி